டேக்டிக் காட்டின் உல்லாச மதிப்பு

செம்பூரிலிருந்து அணுசக்தி நகர் போகும் சாலைக்குப் பின்னால் ஒரு குன்று இருக்கிறது. குன்று என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். மூச்சு வாங்காமல் ஏறி, "இவ்வளவுதானா?" என்று கேட்டுவிட்டு இறங்கிவிடலாம். மராத்தியில் குன்றுக்கு டேக்டி என்று பெயர். அதன்மேல் தானாக வளர்ந்து கிடந்த மரக்கூட்டத்தை அக்கம்பக்கத்தார் டேக்டிக் காடு என்றார்கள். அது அரசாங்கத்துக்குச் சொந்தம். அரசாங்கம் அதை மறந்து வெகுகாலம் ஆகியிருந்தது. அதனால் மரங்கள் நன்றாக இருந்தன.

இந்தக் காட்டில்தான் ஏஞ்சலம்மாள் தூங்குவாள். வேறு எங்கும் தூங்கமாட்டாள்.

அவளுடைய ஒரே மகன் கிறிஸ்டோ, போன வருஷ மழைக்காலத்தில், லோக்கல் ரயிலின் வாசலில் தொங்கிக்கொண்டு வேலைக்குப் போனவன், உயிரோடு திரும்பவில்லை. உடல் வந்தது. அடக்கம் ஆயிற்று. போதகர் வந்து ஜெபித்துவிட்டுப் போனார். எல்லாம் ஏஞ்சலம்மாளுக்குத் தெரியும். ஆனாலும் ராத்திரி படுத்தால் அவள் கண் கதவுக்குப் போய்விடும். குன்றின் அடிவாரச் சந்தில் அவர்களுக்கு இருந்தது ஒற்றை அறை. எந்தப் பக்கம் தலை வைத்தாலும் கதவு தெரியும். தட்டுவான், திறக்க வேண்டும், நாம் அசந்துவிட்டால் பிள்ளை வெளியே நிற்பானே என்று விடிய விடிய விழித்துக் கிடப்பாள். அவள் புருஷன் தாவீது கதவுக்குத் திரை போட்டுப் பார்த்தான். பிறகு கதவையே கழற்றி மச்சில் போட்டான். அவள் வெறும் வாசல்நிலையைப் பார்த்துக்கொண்டு கிடந்தாள். முனிசிபல் ஆஸ்பத்திரி டாக்டர் மாத்திரை கொடுத்தார். மாத்திரை அவள் கைகால்களைத் தூங்க வைத்தது; கண் மட்டும் கேட்கவில்லை. இப்படியே போனால் இதயம் தாங்காது என்று டாக்டர் தாவீதிடம் தனியாகச் சொன்னார்.

தாவீதுக்கு ஒரு ஹவுசிங் சொசைட்டியில் பம்ப் போடுகிற வேலை. காலையில் முனிசிபல் தண்ணீர் வரும்போது ஒரு தடவை, சாயங்காலம் வரும்போது ஒரு தடவை. தண்ணீருக்குத் தவறினால் வேலைக்குத் தவறின மாதிரி. நடுப்பகல் அவனுடையது. அப்படி ஒரு நடுப்பகலில், காற்றாவது படட்டும் என்று மனைவியைக் காட்டுக்குள் கூட்டிப்போனான். ஒரு புங்க மரத்தடியில் உட்கார்ந்தவள் சாய்ந்தாள். சாய்ந்தவள் தூங்கிவிட்டாள். செத்துத்தான் போனாளோ என்று தாவீது மூக்கில் விரல் வைத்துப் பார்க்கும் அளவுக்குத் தூங்கினாள். எழுந்த பிறகு அவளே காரணம் சொன்னாள்.

"இங்கன கதவே இல்லல்லா."

அன்றிலிருந்து மழையோ வெயிலோ, நடுப்பகலில் இரண்டு பேரும் வேலியின் இடைவெளி வழியாக நுழைந்து புங்க மரத்தடிக்குப் போய்விடுவார்கள். அவள் தூங்குவாள். அவன் பக்கத்தில் உட்கார்ந்து எறும்பு தட்டுவான். ஏஞ்சலம்மாள் உயிரோடு இருந்தது இந்த ஏற்பாட்டில்தான்.

இந்த நிலையில்தான் வன உல்லாச மதிப்பீட்டு வாரியம் டேக்டிக் காட்டுக்கு வந்தது.

வாரியம் என்றால் ஒரு நீலக் குடை, ஒரு பிளாஸ்டிக் நாற்காலி, ஒரு டேப்லெட், மாரீஸ்வரி என்ற பெண். மாரீஸ்வரி கோபர்கைரனேயில் இருப்பவள். கழிமுகத்துக்கு அந்தப் பக்கம், நவி மும்பையிலிருந்து ரயில் மாறி மாறி வருவாள். ஒப்பந்த வேலை. வேலி இடைவெளிக்கு நேரே குடையை நட்டுக்கொண்டு, நுழைந்தவர்களையெல்லாம் அன்பாகப் பிடித்தாள்.

"அண்ணே, ரெண்டே நிமிஷம். நீங்க இங்க உல்லாசத்துக்குத்தானே வந்திருக்கீங்க?"

தாவீது திரும்பித் தனக்குப் பின்னால் வேறு யாராவது நிற்கிறார்களா என்று பார்த்தான். யாரும் இல்லை. வீட்டுக்காரி தூங்க வந்திருக்கிறாள் என்று உண்மையைச் சொன்னான்.

மாரீஸ்வரி டேப்லெட்டைத் தள்ளித் தள்ளிப் பார்த்தாள். நடை இருந்தது. ஓட்டம், யோகா, பறவை பார்த்தல், படம் பிடித்தல், குடும்பத்தோடு உண்ணுதல் எல்லாம் இருந்தன. தூக்கம் இல்லை. அவள் ஆபீசுக்கு போன் போட்டாள். ஆபீஸ் மேலே கேட்டது. மேலே இருந்தவர்கள் யோசித்தார்கள். கடைசியில் பதில் வந்தது: உல்லாசம் என்பது காட்டை அனுபவிப்பது, கண் மூடியிருப்பவர் காட்டை அனுபவிக்கவில்லை, ஆகவே கண் மூடியிருந்த நேரத்தைக் கழித்துவிட்டு மிச்சத்தைப் பதிவு செய்க. அதன்படி, ஏஞ்சலம்மாள் காட்டை அனுபவித்த நேரமாக, அவள் உட்கார்ந்ததற்கும் கண் அசந்ததற்கும் இடையிலிருந்த ஒரே ஒரு கொட்டாவி பதிவாயிற்று.

அடுத்து, எப்படி வந்தார்கள் என்று கேட்டாள். நடந்து வந்தோம் என்றான் தாவீது. வர எவ்வளவு செலவாயிற்று என்று கேட்டாள். நடப்பதற்கு என்ன செலவு என்று தாவீது சிரித்தான். மாரீஸ்வரி சிரிக்கவில்லை.

"அப்ப உங்க வருகையோட மதிப்பு சைபர்னு வருது அண்ணே. நான் போடலை. அதுவே போட்டுக்குது."

தாவீது அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. தன் மதிப்பைப் பற்றி அவனுக்கு முன்பே ஏறக்குறைய அந்த அபிப்பிராயம்தான் இருந்தது.

மதிப்பீட்டின் முடிவை வாரியம் பொதுமக்களுக்கு அறிவித்தது. ஒரு தகரப் பலகையில் எழுதி, நீளமான நான்கு ஆணிகளால் புங்க மரத்தில் அடித்தது. மராத்தியிலும் ஆங்கிலத்திலும் இருந்ததை உதுமான் படித்துச் சொன்னான். உதுமான் அதே சந்துக்காரன். தாராவியில் தோல் பை தைக்கிற பட்டறை வைத்திருக்கிறான். கிறிஸ்டோவைத் தூக்கிச் சுமந்தவர்களில் ஒருவன். பலகை சொன்னது இதுதான். டேக்டிக் காட்டின் உல்லாச மதிப்பு, சாலையோரத்துப் பானிபூரி வண்டி ஒன்றின் மதிப்பைவிடக் குறைவாக இருக்கிறது. காட்டுக்கு இன்னொரு வாய்ப்பு தரப்படும். வரும் குளிர்காலம் முடிய மறுபடி அளப்பார்கள். அப்போதும் தேறாவிட்டால் காடு மாற்றுப் பயன்பாட்டுக்குப் போகும். மாற்றுப் பயன்பாடு என்பது அடுக்குமாடிக் கார் நிறுத்துமிடம். அதற்கு மதிப்பு உண்டென்று ஏற்கெனவே நிரூபணமாகியிருந்தது.

பொதுமக்கள் கருத்துச் சொல்ல மாட்டுங்காவில் ஒரு கல்யாண மண்டபத்தில் கூட்டம் போட்டார்கள். காட்டிலிருந்து வெகுதூரம் என்றாலும் அங்கே ஏ.சி. நன்றாக இருந்தது. தாவீதும் உதுமானும், ஏஞ்சலம்மாளோடு சந்தில் ஜெபக் கூட்டம் நடத்துகிற பெண்கள் சிலரும் போனார்கள். வாரியத் தலைவர் வேங்கடசுப்ரமணியன் பேசினார். மூன்று தலைமுறையாக மாட்டுங்காவில் இருக்கும் குடும்பம். தமிழிலேயே பேசப்போகிறேன் என்று சொன்னதும் எல்லோருக்கும் அவர்மேல் பிரியம் வந்துவிட்டது.

"பாருங்கோ, நான் மரத்துக்கு விரோதி இல்லை. எங்க பால்கனியில துளசி இருக்கு, கறிவேப்பிலை இருக்கு. ஆனா ஒரு காட்டை ஜனங்க நேசிக்கறாளான்னு நாங்க எப்படித் தெரிஞ்சுக்கறது? எவ்வளவு தூரத்திலேர்ந்து, எவ்வளவு செலவழிச்சு வராங்கறதை வெச்சுத்தான். பக்கத்துல இருக்கறவா நடந்து வந்துடறா. அவாளுக்குக் காடு இனாம். இனாமுக்கு ஏது மதிப்பு? எங்கம்மா எனக்கு முப்பது வருஷம் சமைச்சுப் போட்டா. அப்போ அதோட மதிப்பு பூஜ்யம். அவ போனப்புறம் சமையலுக்கு ஆள் வெச்சேன். முதல் சம்பளம் குடுத்தப்போதான் எங்கம்மாவோட அருமை எனக்குப் புரிஞ்சுது. அதைத்தான் நாங்க விஞ்ஞானபூர்வமா செய்யறோம்."

மண்டபம் கைதட்டியது. தாவீதும் தட்டினான். எல்லோரும் தட்டும்போது சும்மா இருந்தால் காட்டுக்கு ஆகாதோ என்று பயந்தான்.

பிறகு தலைவர், காட்டை நேசிப்பவர்களுக்கு இன்னொரு வழியும் வைத்திருக்கிறோம் என்றார். காடு போகாமல் இருக்க அதிகபட்சம் எவ்வளவு கொடுப்பீர்கள் என்று ஒவ்வொருவரும் எழுந்து சொல்லலாம். உண்மையில் கொடுக்க வேண்டாம், சொன்னால் போதும். உதுமான் இடித்த இடியில் தாவீது எழுந்து நின்றான். கையில் மைக் வந்தது. அவன் வாழ்க்கையில் பிடித்த முதல் மைக்.

"என்கிட்ட இருக்க எல்லாத்தையும் தாரேன் சார்."

"எல்லாம்கறது ஒரு தொகை இல்லையே."

"அப்போ உசுரத் தாரேன்."

தலைவர் இதை அனுதாபத்தோடுதான் கேட்டார். இப்படிச் சொல்பவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள் என்றார். "உங்க வருமானத்துக்கு மேல போற பதிலை எடுத்துண்டா கணக்கே சாஞ்சுடும். அதை மிகைன்னு நீக்கிடுவோம். மனசுல வெச்சுக்காதேங்கோ. வருமானத்துக்கு உட்பட்டு நிதானமா யோசிச்சுச் சொல்லுங்கோ."

தாவீது தன் வருமானத்துக்கு உட்பட்டு யோசித்தான். அதற்குள் மைக் அடுத்தவருக்குப் போய்விட்டது.

மண்டபத்துக்கு வெளியே வந்ததும் நடைபாதையில் உட்கார்ந்துவிட்டான். குளிர்காலம் முடிந்ததும் அவளை எங்கே கொண்டு போய்ப் படுக்க வைப்பது என்ற ஒன்றுதான் தலைக்குள் சுற்றியது. உதுமான் அரைக் கிளாஸ் டீயாக இரண்டு கட்டிங் சாய் வாங்கிவந்து ஒன்றை அவன் கையில் திணித்தான்.

"அழாத. அந்தாளு வழியும் சொல்லிட்டாருல்லா, நீ கவனிக்கலியா? கிட்ட இருந்து வந்தா சைபர். தூர இருந்து வந்தா வெல. தூர இருந்து வருவோம்."

"நம்ம வீடு அடிவாரத்துல கெடக்கே."

"கோபர்கைரனேல இருந்து வாரோம்னு சொல்லு. குடைக்குக் கீழ இருக்க அந்தப் பிள்ளைக்கு என்ன தெரியும்?"

உதுமானுடைய யோசனை அந்த அளவில் நின்றிருந்தால் கதை வேறு மாதிரி முடிந்திருக்கும். ஆனால் ஜெபக் கூட்டத்துப் பெண்கள் பொய் சொல்ல மறுத்துவிட்டார்கள். பொய்ச் சாட்சி சொல்வதில்லை என்று ஞாயிறுதோறும் ஒப்புக்கொடுக்கிற வாய் அது. தாவீதுக்கும் மனசு ஒப்பவில்லை. ஏற்கெனவே ஒரு பிள்ளையை எடுத்துக்கொண்ட ஆண்டவரிடம் இந்த நேரத்தில் பொய்க் கணக்கு வைத்துக்கொள்ள அவன் தயாராக இல்லை. கடைசியில் எல்லோருக்கும் சம்மதமாக ஒரு தீர்மானம் வந்தது. கோபர்கைரனேயிலிருந்து வந்ததாகச் சொல்ல வேண்டுமானால், கோபர்கைரனேக்குப் போய்விட்டு, அங்கிருந்து வர வேண்டியதுதான்.

அப்படியே செய்தார்கள். வீட்டு வாசலில் நின்றால் காடு தெரியும். அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு கிளம்பி, ரயிலேறி, கழிமுகப் பாலத்தைத் தாண்டி, வாஷியில் மாறி, கோபர்கைரனேயில் இறங்குவார்கள். ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்து, அந்த ஊரில் இருந்தோம் என்று மனசாட்சி ஒப்பும் மட்டும் இருப்பார்கள். பிறகு திரும்பி ரயிலேறுவார்கள். அந்த ரயிலில்தான் மாரீஸ்வரியும் வேலைக்கு ஏறுவாள். முதல் நாள் அவள் ஜெபக் கூட்டத்துப் பெண்களைப் பார்த்து வாயைத் திறந்தாள். இரண்டாம் நாள் மூடிக்கொண்டாள். மூன்றாம் நாள் நகர்ந்து இடம் கொடுத்தாள். காட்டு வாசலில் குடைக்குக் கீழே உட்கார்ந்ததும், எங்கிருந்து வருகிறீர்கள் என்று புதிதாகக் கேட்டாள். அவர்கள் கோபர்கைரனே என்றார்கள். டேப்லெட்டுக்கு அந்தப் பதில் மிகவும் பிடித்திருந்தது.

உதுமான் இதில் தன் பங்குக்கு மும்முரமானான். பறவை பார்ப்பவர்களுக்கும் படம் பிடிப்பவர்களுக்கும் மதிப்பு கூடுதல் என்று கண்டுபிடித்து, பட்டறை ஆட்களுக்கு ஆளுக்கொரு கேமரா பையை மாட்டி அழைத்துவந்தான். பைகள் முதல்தரமானவை. உள்ளே மதியச் சோறு இருந்தது. ஜெபக் கூட்டத்து அக்கா ஒருத்தியின் மைத்துனர் கண் ஆபரேஷனுக்காக ஊரிலிருந்து வந்திருந்தார். அவரையும் கையைப் பிடித்துக் கூட்டிவந்தார்கள். எங்கிருந்து வருகிறீர்கள் என்றதற்கு அவர் திசையன்விளை என்றார். இரண்டு நாள் ரயில், அதற்குமேல் பஸ், ஆட்டோ. டேப்லெட் ஒரு நிமிஷம் நின்றுவிட்டு, பச்சையாக ஒளிர்ந்தது. கண்ணில் கட்டோடு பறவை பார்த்த அந்த ஒருவர் மட்டும் காட்டைப் பாதி தூரம் தூக்கி நிறுத்தினார்.

ஏஞ்சலம்மாள்தான் சிக்கல். அவளை ரயிலில் ஏற்ற முடியாது. ஸ்டேஷன் பெயரைச் சொன்னாலே உடம்பு விறைத்துப்போகும். அவள் மட்டும் நடந்து வரட்டும் என்று தாவீது முதலில் நினைத்தான். ஆனால் ஒரு சைபர் எத்தனை கோபர்கைரனேயைத் தின்னும் என்று உதுமான் கணக்குச் சொன்னதில் பயந்துவிட்டான். ஆகவே டாக்சி. சந்து முனையில் ஏற்றி, பாலத்தைத் தாண்டி, கோபர்கைரனேயில் திருப்பி, மறுபடி பாலத்தைத் தாண்டிக் காட்டுக்குக் கொண்டுவந்தான். தினமும் டாக்சிக்கு அவனுடைய சம்பளம் எங்கே காணும்? கிறிஸ்டோவின் பைக்கை விற்றான். பிளாஸ்டிக் உறையைக்கூடப் பிரிக்காமல் சீட்டைத் துடைத்துத் துடைத்து வைத்திருந்த பைக். வாங்கினவன் உறையைக் கிழித்துப் போட்டுவிட்டு ஓட்டிக்கொண்டு போனான். எங்கே போகிறோம், ஏன் பாலத்தைத் தாண்டிப் போய்த் திரும்பி வருகிறோம் என்று ஏஞ்சலம்மாள் ஒருநாளும் கேட்கவில்லை. புங்க மரத்தடி வந்தால் சரி. சுற்றிவந்த நேரம் போக, சாயங்காலத் தண்ணீருக்கு முன் அவளுக்குக் கிடைத்தது பாதித் தூக்கம்தான்.

அந்தப் பாதிக்கும் ஒரு நாள் சோதனை வந்தது. தூங்குகிறவர்களால் காட்டின் சராசரி உல்லாச நேரம் இறங்குகிறது என்று ஆபீசிலிருந்து குறிப்பு வந்ததாம். ஜெபக் கூட்டத்து அக்காமார் தயங்கித் தயங்கித் தாவீதிடம் வந்து, குடை மடக்கும் வரைக்கும் அவளைக் கொஞ்சம் பேச்சுக் கொடுத்து உட்கார வைக்க முடியுமா, எல்லாம் அவளுக்காகத்தானே என்றார்கள். தாவீது தூங்கிக்கொண்டிருந்தவளை அப்படியே கையில் ஏந்தி, ஒரு பாறைக்குப் பின்னால், டேப்லெட்டின் கண்ணில் படாத இடத்தில் கொண்டுபோய்க் கிடத்தினான். மனைவியை, திருட்டுச் சாமான் மாதிரி. அவள் விழிக்கவில்லை என்பது ஒன்றுதான் அன்றைக்கு அவனுக்கு ஆறுதல்.

குளிர்காலம் முடிந்தது. முடிவு வந்தது. டேக்டிக் காடு தேறிவிட்டது. தேறியது என்று சொன்னால் குறைவு. கடல் கடந்தெல்லாம் பேர் வாங்கிய பூங்காக்களைத் தாண்டிவிட்டது. பானிபூரி வண்டியோடு ஒப்பிட்ட பழைய பலகையைப் பிடுங்கிவிட்டு, அதே மரத்தில் இன்னும் பெரிய பலகையை இன்னும் நீளமான ஆணிகளால் அடித்தார்கள். சந்து முழுக்க லட்டு கொடுத்தான் உதுமான். ஜெபக் கூட்டம் ஸ்தோத்திரம் பண்ணியது. தாவீது வெகுநாளுக்குப் பிறகு மீன் வாங்கினான்.

மறுவாரம், அவர்கள் நுழைகிற வேலி இடைவெளியில் செங்கல் வந்து இறங்கியது.

இறங்கின வேகத்தில் சுவர் எழுந்தது. சந்தின் பக்கம் முழுக்க, ஆள் உயரத்துக்கு இரண்டு மடங்கு, மேலே கண்ணாடிச் சில்லு. கேட்டதற்குக் கொத்தனார், வாசல் அந்தப் பக்கம் ஹைவேயில் கட்டுகிறார்கள் என்றார். ஹைவேக்குப் போய்ப் பார்த்தான் தாவீது. வாசல், வாஷியிலிருந்து மும்பைக்கு வருகிற பாதையில் இருந்தது. நடுவில் தாண்ட முடியாத தடுப்புச் சுவர். பஸ் நிற்காது, நடந்து போகவும் வழியில்லை. அங்கே போக வேண்டுமானால் பாலத்தைத் தாண்டி வாஷிக்குப் போய், திரும்பித்தான் வர வேண்டும்.

வாசல் திறப்பு விழா அன்று, மேடைக்குப் பின்னால், வேங்கடசுப்ரமணியனைப் பிடித்தான் தாவீது. விழாவுக்கு அவனையே கார் வைத்து அழைத்து வந்திருந்தார்கள். இந்தப் பருவத்தின் மிக மதிப்புள்ள வருகையாளருக்குப் பொன்னாடை போர்த்துவதாக ஏற்பாடு. ரயிலில் வந்தவர்களைவிட டாக்சியில் வந்தவனுக்கு மதிப்பு கூடிவிட்டது. திசையன்விளைக்காரர் முந்தியிருப்பார், அவர் கட்டுப் பிரித்து ஊருக்குப் போய்விட்டார்.

சந்துப் பக்கத்தில் சின்னதாக ஒரு திறப்பாவது விட்டால் போதும் என்று கேட்டான். தலைவர் அவன் தோளில் கை வைத்தார். அந்தப் பக்கத்திலிருந்து இந்தப் பருவம் முழுக்க ஒரு மனுஷர்கூட வரவில்லை, எல்லோரும் கோபர்கைரனே, வாஷி என்றுதான் வந்திருக்கிறார்கள், மக்கள் எங்கிருந்து வருகிறார்களோ அங்கேதானே வாசல் வைக்க வேண்டும் என்றார். வெகு நியாயமாக இருந்தது.

"சார், நாங்க அந்தச் செவுத்துக்குப் பின்னாலதான் இருக்கோம். எல்லாருமே. சுத்தி வந்தோம்."

தலைவர் அக்கம்பக்கம் பார்த்தார். குரலைத் தாழ்த்தினார். கோபமே இல்லை அவர் குரலில்.

"இதை நான் கேக்கலை. கேட்டேன்னா உங்க எல்லாரோட வருகையும் பூஜ்யம். பூஜ்யமானா காடு பார்க்கிங். பத்து மாடி. டிராயிங் என் மேஜையிலேயே இருக்கு. இப்போ சொல்லுங்கோ, நீங்க எங்கேர்ந்து வரேள்?"

மேடைக்கு மேலே புங்க மரத்தின் உச்சி தெரிந்தது. அடியில் என்னென்ன மாறியிருக்கிறதோ, உச்சி அதே உச்சிதான்.

"கோபர்கைரனே சார்."

"பேஷ்."

மேடையில் தலைவர் உருகிப் பேசினார். கோபர்கைரனேயில் மரம் இல்லையா என்று கேட்டார். இருக்கிறது என்று அவரே சொன்னார். ஆனாலும் இந்த மனிதர் அந்த மரத்தடியில் உட்காரவில்லை, மனைவியை டாக்சியில் ஏற்றிக்கொண்டு தினமும் கடலைத் தாண்டி வந்திருக்கிறார், காதல் என்று வேறு எதைச் சொல்வது என்றார். இனிமேல் நுழைவுச் சீட்டு வைத்தாலும் இவர் வருவார் என்று எங்கள் ஆய்வு சொல்கிறது, ஆகவே வைக்கிறோம் என்றார். தாவீது பொன்னாடைக்குள் நின்றான். உதுமான் கூட்டத்தில் இருந்தான், கைதட்டவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

சீட்டும் டாக்சியும் சேர்ந்து, இனி தினமும் முடியாது என்று ஆயிற்று. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து, வாரத்துக்கு ஒரு நாள். மற்ற நாட்களில் ஏஞ்சலம்மாள் விழித்திருந்தாள். முதல் ஞாயிறு டாக்சியிலிருந்து இறக்கியபோது, அவள் உடம்பு எடையே இல்லாத மாதிரி இருந்தது.

வாசலை வாரியம் மனம் வைத்துக் கட்டியிருந்தது. இரட்டைக் கதவு, முழுக்க மரம். மரத்துக்கு எங்கே போனார்கள் என்று யாரும் கேட்க வேண்டியிருக்கவில்லை. காட்டில் புதிதாக வெட்டிய அடிமரங்கள் தெரிந்தன. வருகையாளர் வழி தவறிவிடக் கூடாது என்பதற்காக, காட்டின் எந்த இடத்தில் நின்று பார்த்தாலும் வாசல் தெரியும்படி புதர்களைச் செதுக்கியிருந்தார்கள். பாறைகளை அகற்றியிருந்தார்கள்.

புங்க மரத்தடியில் துண்டை விரித்தான் தாவீது. அவள் படுத்தாள். அவன் எறும்பு தட்டினான். வெகுநேரம் கழித்துக் குனிந்து பார்த்தான். அவள் கண் திறந்திருந்தது. அவளை மெல்ல மறுபக்கம் திருப்பிப் படுக்க வைத்தான். அவள் தானாக இந்தப் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவள் பார்வை போகிற திக்கில் அவனும் பார்த்தான். வெயிலில் புது வார்னிஷ் மின்ன, கதவு தெரிந்தது.

துண்டை எடுத்துக்கொண்டு வேறு மரத்தடிக்குப் போனான். அங்கிருந்தும் தெரிந்தது. குன்றின் மறுபுறம் இறங்கிப் பார்த்தான். அங்கும் செதுக்கியிருந்தார்கள். தலைவர் சொன்னதைச் செய்கிறவர்.

மாரீஸ்வரி இப்போது வாசலுக்கு உள்ளே நல்ல நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். அவர்களைப் பார்த்ததும் டேப்லெட்டோடு ஓடிவந்தாள். நல்ல செய்தி சொல்கிற சந்தோஷம் அவள் முகத்தில் இருந்தது.

"அண்ணே, அக்காவோட நேரம் இன்னிக்கு முழுசா ஏறியிருக்கு. ஒரு நிமிஷம்கூடக் கழியலை. கண்ணே மூடலைல்ல, எல்லாமே..."

சொல்லிக்கொண்டே வந்தவள் ஏஞ்சலம்மாளின் முகத்தைப் பார்த்தாள். நிறுத்திவிட்டாள். மிச்சமிருந்த வார்த்தை உல்லாசம். அதை அவள் சொல்லவில்லை. டேப்லெட் சொல்லிக்கொண்டது.

தாவீது, ஏதாவது கேட்க வேண்டுமே என்று, கதவை எப்போது அடைப்பார்கள் என்று கேட்டான். சாயங்காலம் ஆறு மணிக்கு என்றாள் மாரீஸ்வரி.

ஏஞ்சலம்மாள் எழுந்து உட்கார்ந்தாள். முடியை அள்ளிச் செருகிக்கொண்டாள். பல நாளைக்குப் பிறகு அவள் குரலில் ஒரு தெம்பு இருந்தது.

"அதுக்குள்ள வந்துருவான். அப்படியே ஒரு அஞ்சு நிமிசம் பிந்திச்சுன்னாலும் சாத்திராதீங்கம்மா."

மாரீஸ்வரியின் கையில் டேப்லெட் மினுங்கியது. வருகையாளர் மறுபடி வருவாரா என்ற கடைசிக் கேள்விக்கு அது பதில் கேட்டுக்கொண்டிருந்தது.